கூட்டத்துக்குத் தேநீர் எத்தனை தடவை போனது?

1

கதவருகே நின்றதற்காக எனக்கு இங்குள்ள நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இத்தனை காலத்தில் எனக்கு வந்த அரசாங்கக் கடிதங்களில் இதுதான் மிகவும் மரியாதையானது. அதனாலேயே சந்தேகம் வந்து இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் தெருமுனையில் இருக்கும் பஸ் தரிப்பிடத்தை எடுக்கப் போகிறார்கள் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். நான் வேலைக்குப் போவது அந்த பஸ்ஸில்தான். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் யாரும் சபைக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் பேசலாம் என்றார்கள். போனேன். வாசலில் ஒரு தாள் தந்தார்கள். கைதட்டக் கூடாது, பதாகை பிடிக்கக் கூடாது, இருக்கையிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது, உறுப்பினர்களின் பெயரைச் சொல்லித் தாக்கிப் பேசக் கூடாது, மேயரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பேசும் மேசையில் ஒரு சின்ன விளக்கு. முதலில் பச்சை எரியும், பிறகு மஞ்சள், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நான் மஞ்சளிலேயே நிறுத்திவிட்டேன். மேயர் என் பெயரை ஓரளவு சரியாகச் சொல்லி நன்றி சொன்னார். எல்லாம் கமெராவில் போய்க்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாமாம்.

இவ்வளவு திறந்து வைத்திருக்கிறார்களே என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மேயர் ஒரு தாளை எடுத்தார். காணி சம்பந்தமான ஒரு விஷயத்தை இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்படி மூடிய அமர்வில் பேசப் போகிறோம் என்று வாசித்தார். கமெரா அணைந்தது. வந்திருந்த சனங்கள் ஒரு முணுமுணுப்புக் கூட இல்லாமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். இந்த நாட்டுச் சனங்களின் நம்பிக்கையைப் பார்த்தால் எனக்குச் சில நேரம் பயமாக இருக்கும்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே யாராவது தேநீர் கொண்டு போகிறார்களா என்று பார்ப்பதற்காக. காவலாளி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். "தேநீர்" என்றேன். கீழ்மாடியில் இயந்திரம் இருக்கிறது என்று வழி காட்டினார். போகிறவள் போல் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை அவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மூடிய அமர்வின்போது வாசலில் நிற்க வேண்டாம் என்று தயவுடன் கேட்டுக்கொள்ளும் அந்தக் கடிதம் அப்படி வந்ததுதான்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். கடிதத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: "பஸ் நிக்குமோ நிக்காதோ எண்டு கேக்கப் போனனீர், கதவுக்குக் காவல் நிண்டிட்டு வந்திருக்கிறீர். உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

இருக்கிறதுதான். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவரிடம் சொன்னால் புரியாது. ஊரில் இருக்கிற உங்களுக்குப் புரியும்.

2

நான் பிறந்தது கண்டி மஹய்யாவையில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது அப்பா வேலை செய்த பிரதேச சபையின் பின்னால். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரம். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. என் தம்பி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். கண்டியைச் சுற்றிச் சபைகள் பல இருக்கின்றன, எதுவென்று நினைத்துக்கொண்டாலும் சரி.

சபைத் தொழிலாளர்களுக்கு ஒரு லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினெட்டு வீடுகள். சபையின் லொறி நிற்கும் முற்றத்தைத் தாண்டினால் எங்கள் வாசல். அப்பாவுக்கு வீதி கூட்டும் வேலை, மாதத்தில் ஒருநாள் மட்டும் வேறு வேலை. அன்றைக்குச் சபைக் கூட்டம். கதிரைகளைத் துடைத்துப் போட்டு, தண்ணீர்ப் போத்தல் வைத்து, கூட்டம் முடியும்வரை சுவரோரமாக நிற்க வேண்டும். நடுவில் ஒரு தடவை தேநீர் கொண்டுவர வேண்டும். தேநீர் போடும் அறை முற்றத்தின் மறுகோடியில். போய், தண்ணீர் கொதிக்க வைத்து, தட்டை ஏந்தித் திரும்பி வர முழுசாகக் கால்மணி நேரமாவது ஆகும்.

கூட்டத்தை யாரும் வந்து பார்க்கலாம். அதற்கென்று சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு போட்டிருந்தார்கள். என் சின்ன வயதில் அந்தப் பெஞ்சில் மனிதர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கால் உடைந்த கதிரைகளையும் பழைய கோப்புகளையும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆகையால் லயத்துக்கு அந்தக் கூடத்துக்குள் இருந்தது ஒரேயொரு ஜோடிக் காது. அது அப்பாவுடையது.

அந்தக் காதுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒன்றைப் பேசும்போது தொழிலாளி நிற்கக் கூடாது என்றால், வெளியே போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது மரியாதை இல்லையே. சபையின் தலைவரான தவிசாளர் தலையைத் திருப்பி, "தேத்தண்ணி" என்பார். அவ்வளவுதான். வழக்கமான தேநீர் குடித்து முடித்திருப்பார்கள். இருந்தாலும் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அடுத்த விஷயம் ஓடிக்கொண்டிருக்கும்.

கூட்டம் முடிந்து அப்பா வந்ததும் அம்மா கேட்பது ஒரே கேள்வி. "எத்தன தடவ?"

ஒரு தடவை என்றால் அம்மா உலையில் அரிசி போடப் போவார். இரண்டு தடவை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போவார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு. பொழுது சாய்வதற்குள் பதினெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும், இரண்டு தடவை போயிருக்கிறது என்று. எதற்காக என்பது மட்டும் தெரியாது. ஒருமுறை அப்படிச் சொல்லி இரண்டு வாரத்தில் எங்கள் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி முற்றத்தில் லொறி கழுவும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்னொருமுறை ஒன்றுமே நடக்கவில்லை. அந்தத் தடவைதான் நாங்கள் நிறையப் பயந்தோம்.

3

கடிதம் வந்த அதே வாரம் தம்பி மனைவி கலா அழைத்தாள். எனக்குக் காலை, அவளுக்கு மாலை. தம்பி ராஜு அப்பாவின் வேலையைத்தான் பார்க்கிறான், கூட்ட நாளில் கதிரை போடுவது உட்பட. லயத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். கூரை மட்டும் மாறியிருக்கிறது.

"மதினி, ஒருத்தன் வந்து செவத்துல செவப்பு பெயின்ட்டால நம்பர் போட்டுட்டுப் போயிட்டான். பதினெட்டு வீட்டுக்கும். எதுக்குன்னு கேட்டா, அளக்கச் சொன்னாங்க அளந்தேன்னு சொல்றான்."

"ராஜு என்ன சொல்றான்?"

"ஒண்ணும் தெரியாதுங்கிறாரு. மொகத்தப் பாத்தா தெரிஞ்ச மாதிரி இருக்கு."

முற்றத்தைப் பெரிதாக்கி வாகனத் தரிப்பிடம் கட்டப் போகிறார்கள் என்று கடைவீதியில் பேச்சாம். லயத்தை உடைத்துவிட்டு ஆட்களை வேறெங்கோ அனுப்புவார்களாம். எங்கே என்று எவருக்கும் தெரியாது. அந்த வீடுகளில் எதற்கும் உறுதிப் பத்திரம் கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு, அது மட்டும்தான் எழுத்தில் இருக்கிறது. மூன்று தலைமுறை குடியிருந்த இடத்தைக் காலி செய்ய ஒரு தீர்மானம் போதும்.

எனக்குக் கோபம் வந்தது. அதே சமயம், வெட்கமாக இருக்கிறது சொல்வதற்கு, கொஞ்சம் உற்சாகமும் வந்தது. இலங்கையில் இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையிடம் கூட்டறிக்கையைக் கேட்கலாம், பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கலா பயப்பட வேண்டாம், ராஜு வேலையை இழக்க வேண்டாம், நான் இங்கிருந்தபடியே கேட்கிறேன், என்னை அவர்கள் என்ன செய்துவிடுவார்கள் என்றேன்.

மகள் ஆர்த்தியைக் கூப்பிட்டேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதி வழியில் நின்றுவிடும். என் ஊரைப் பற்றி அவளாகக் கேட்டது எதுவும் எனக்கு நினைவில்லை. ஆனால் படிவம் என்றால் ஒரு வரி விடாமல் வாசிப்பாள். கணினியில் சட்டத்தைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

"அம்மா, இது சிட்டிசனுக்கு மட்டும்தான்."

"நான் அங்க பிறந்தவள்தானே."

"பிறந்த இடம் இல்ல. சிட்டிசன். நீங்க இப்ப இல்லயே."

கனடாப் பிரஜையாகச் சத்தியம் செய்த நாளில் கையில் குட்டிக் கொடி தந்தார்கள். அன்றைக்குப் பழைய பிரஜாவுரிமை தானாகப் போய்விடும், வேண்டுமென்றால் இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று கணவர் சொன்னார். பிறகு பார்க்கலாம் என்றேன். பிறகு என்பது வரவேயில்லை.

என் அப்பா கண்டி மாவட்டத்தில் பிறந்தவர். இந்திய வம்சாவளி என்பதால் பிறந்த நாட்டில் பிரஜை இல்லாமல் பாதி ஆயுளைக் கழித்தவர். எத்தனை படிவம், எத்தனை கச்சேரி அலுவலகம், எத்தனை தடவை திரும்பி வா என்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் அந்தச் சான்றிதழ் வந்தது. அது வந்த பிறகுதான் வேலையும் நிரந்தரமானது. அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். எங்களுக்குக் காட்டுவதற்கு முன்பு கைகழுவிக்கொண்டு வருவார்.

அவர் அப்படிக் காத்திருந்து வாங்கியதை நான் ஒரு மண்டபத்தில் கொடி ஆட்டிக்கொண்டே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு ஊரின் பஸ் தரிப்பிடத்தைப் பற்றி நான் ஐந்து நிமிஷம் பேசலாம். என் அப்பா கதிரை போட்ட கூடத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. அன்று நன்றாக அழுதேன். ஆர்த்தி என்ன செய்வதென்று தெரியாமல் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

4

கடைசியில் கலாதான் கேட்டாள். படிவத்தை ஆர்த்தி நிரப்பி அனுப்ப, கலா சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதிக்கொண்டு சபைக்குப் போனாள். அங்கே ஒரு அதிகாரி அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"'ஒங்க மஹத்தயா, ஒங்க வீட்டுக்காரரு தானே கூட்டத்துல நிக்கிறாரு, அவருகிட்டயே கேக்கலாமே'ன்னு சிரிக்கிறா மதினி. நான் விடல. 'அவரு காதால கேட்டத சொல்வாரு, எனக்கு நீங்க எழுதினது வேணும்'னு சொல்லிட்டேன். ரசீது தராம நகர மாட்டேன்னு கதிரையில ஒக்காந்துட்டேன்."

கதிரையில் உட்கார்ந்தேன் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது. அந்த அலுவலகத்தில் லயத்து ஆட்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நிற்பதுதான் பழக்கம், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கூட்டறிக்கை வந்தது. கலா கையடக்கத் தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பினாள். முற்றத்தையும் அதையடுத்த காணியையும் வாகனத் தரிப்பிடத்துக்கு எடுப்பது ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பொதுமக்களிடமிருந்து எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. லயம் என்ற சொல்லே அதில் இல்லை. பதினெட்டு வீடும் அடுத்த காணி என்பதற்குள் அடங்கிவிட்டன. இங்கேயென்றால் மூடிய அமர்வு என்று வாசித்துவிட்டாவது கதவைச் சாத்துகிறார்கள். அங்கே கதவு கடைசிவரை திறந்தே இருந்ததாக எழுதியிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் சமுகமளித்திருந்த உத்தியோகத்தர்களின் பெயர்கள். அதில் கடைசிப் பெயர் என் தம்பியுடையது.

நான் சபைச் செயலாளரைச் சந்தேகப்பட்டிருந்தேன், தவிசாளரைச் சந்தேகப்பட்டிருந்தேன், அளக்க வந்தவனைச் சந்தேகப்பட்டிருந்தேன். இங்கே ஒரு காவலாளியைக் கூட விடவில்லை. இப்போது ராஜு. அவனுக்கு மட்டும் வேறெங்காவது வீடு தருவதாகச் சொல்லியிருப்பார்களோ? பதவி உயர்வா? ஒரு நாள் முழுக்க இதையே நினைத்துப் புழுங்கினேன். அடுத்த நாள் காலையில் அவனை அழைத்தேன்.

"கூட்டத்துல நீ இருந்தியா, இல்லயா?"

"இருந்தேன்க்கா."

"அப்புறம் ஏன்டா தெரியாதுன்னு சொன்ன?"

"அந்த நேரம் தேத்தண்ணிக்கு அனுப்பிட்டாங்க."

"ரெண்டாவது தடவையா?"

"ஆமா."

"அத வந்து சொல்லியிருக்கலாமேடா. அப்பா ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னாரே."

"அப்பா சொன்னாரு. பதினெட்டு வீடும் ராத்திரி தூங்காம கெடக்கும். அதத் தவிர வேற என்னக்கா நடந்துச்சு? கொழாயப் புடுங்குனத நிப்பாட்டினோமா?" அவன் குரல் ஏறியது. அவன் என்னிடம் குரல் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. "நீங்க அங்க கதவுல நின்னா கடுதாசி வரும். நான் இங்க நின்னா வீடு போகும். எனக்குத் தெரியாதுன்னு சொன்னது பொய்யில்ல. தெரியாம இருக்கத்தான் என்னய அனுப்புறாங்க."

அவனைச் சந்தேகப்பட்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

5

ஆர்த்தி ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு கூட்டத்தின் அறிக்கையை அடுத்த கூட்டத்தில் வாசித்து உறுதிப்படுத்த வேண்டும். இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். அதுவரை அது முடிந்த காரியம் இல்லை, யாராவது உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்க இடமிருக்கிறது. "ஆக்கள் போய் உட்காரணும் அம்மா. பேசாம உட்கார்ந்தாலே போதும்" என்றாள். இவ்வளவு நீளமான தமிழ் அவளிடமிருந்து வந்து நாளாகிவிட்டது. இங்கே வாசலில் தருகிற தாளையும் என்னைத் தமிழில் சொல்லச் சொல்லி, கலாவுக்குக் குரல்செய்தியாக அனுப்பினாள். கைதட்டாதீங்க, சத்தம் போடாதீங்க, வெளியே அனுப்ப அவங்களுக்குக் காரணம் குடுக்காதீங்க.

கூட்டம் அங்கே காலையில், இங்கே நான் தூங்கும் நேரம். விடிந்து எழுந்து பார்த்தபோது கலாவின் குரல்செய்திகள் வரிசையாக வந்திருந்தன. அவள் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

லயத்திலிருந்து ஏழு பெண்கள் போயிருக்கிறார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் கலா பெஞ்சைத்தான் முதலில் பார்த்தாளாம். உடைந்த கதிரை இல்லை, கோப்பு இல்லை. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். ராஜு சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், இவர்களைப் பார்க்கவில்லை. தவிசாளர் பெண்களைப் பார்த்துவிட்டு, இது சபை, இங்கே ஒழுங்கு வேண்டும், சத்தம் வந்தால் வெளியே போக வேண்டும், போனைப் பையில் வைக்க வேண்டும் என்றார். ஏழு பேரும் தலையாட்டிவிட்டுப் போனைப் பையில் வைத்தார்கள்.

கூட்டறிக்கையை வாசிக்கத் தொடங்கினார்கள். வாகனத் தரிப்பிடம் வந்ததும் தவிசாளர் நிறுத்தினார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி ராஜுவிடம், தேத்தண்ணி என்றார். எல்லோருக்குமே கொடு, பாவம் பெண்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அறையில் வைத்துக் கொடு என்றார்.

"மதினி, இப்பிடி வரும்னு நெனைக்கல. சட்டத்தச் சொல்லி எழும்பிப் போங்கன்னு சொன்னா மாட்டேன்னு சொல்ல வந்தோம். தேத்தண்ணி குடிங்கன்னு சொன்னா என்னத்த சொல்றது?"

ராஜு நகரவில்லையாம். மூலைக்குப் போய், மேசையின் மேலிருந்த துணியை எடுத்தான். அடியில் இரண்டு பெரிய ஃபிளாஸ்க், கோப்பைகள், சீனி, கரண்டி, ஒரு தட்டு நிறைய பிஸ்கட்.

"சேர், தேத்தண்ணி உள்ளுக்கே இருக்கு" என்றான், சிங்களத்தில்.

தவிசாளர் தண்ணீர் கேட்டார். இருந்தது. வெற்றிலை கேட்டார். அதுவும் இருந்தது. உறுப்பினர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். ராஜு ஒவ்வொரு கோப்பையாக ஊற்றி வைத்துக்கொண்டே போனான். அப்போது புதிதாக வந்த ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, அடுத்த காணி என்று எழுதியிருக்கிறதே, அதில் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார். செயலாளர் பெஞ்சைப் பார்த்தார். எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். ஏழு பேரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவை இருக்கவில்லை.

குடியிருப்பாளர்களைக் கேட்காமல் மேற்கொண்டு போவதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஒத்திவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரத்துச் செய்யவில்லை. இதை ஆர்த்தியிடம் சொன்னபோது அவள் துள்ளினாள். நான் துள்ளவில்லை.

6

அடுத்த வாரமே ராஜுவைக் கூடத்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது குப்பை டிராக்டரில் போகிறான், கூட்ட நாளிலும். காரணம் எதுவும் எழுத்தில் இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குக்கா?" என்றான். எதற்கென்று சொன்னேன். "நானும்தான் ஒங்கள சந்தேகப்பட்டேன். எங்கள மாட்டிவிட்டுட்டு அங்க இருந்து வேடிக்க பாத்துட்டு இருப்பீங்கன்னு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

கதிரை போடுவதற்கு இப்போது வேறு ஆள், லயத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் பெஞ்சு காலியாக இல்லை. முறை வைத்து இரண்டு பேர் போகிறார்கள். சுவரிலே சிவப்பு இலக்கம் அப்படியே இருக்கிறது. கலா அதைச் சுண்ணாம்பு அடித்து மறைக்க மாட்டேன் என்கிறாள். இங்கே எங்கள் தெருமுனை பஸ் தரிப்பிடம் தப்பிவிட்டது. ஏன் தப்பியது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரட்டைப் பிரஜாவுரிமைக்கான படிவம் மேசையில் கிடக்கிறது. அதை நிரப்ப உட்காருவதற்கு முன்பு, யாரும் சொல்லாமலே, கைகழுவிக்கொண்டு வந்தேன்.

கூட்டம் நடந்த நாட்களில் நான் எழும்பும்போது கலாவிடமிருந்து ஒரு வரி வந்திருக்கும். போன மாதம் இப்படி வந்திருந்தது:

"மதினி, இன்னிக்கு தேத்தண்ணி ஒரு தடவதான்."

கட்டிலில் இருந்தபடியே பதில் எழுதினேன்.

"சரி கலா. எத்தன மணிக்கு?"